பயமா இருக்கு... ஆனா பாக்கணும்!

தீபாவளி ராத்திரி உங்கள் வீட்டு வாண்டைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால், கண் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்! 'பயமா இருந்தா உள்ளே போயேன்' என்றால், 'மாட்டேன்... பாக்கணும்' என்று அடம்பிடிக்கும்.

குழந்தைத்தனம் என்று சிரித்துவிடாதீர்கள். குற்றாலத்தில் வெள்ளம் பொங்கி விழும்போது தள்ளி நின்று வாய்பிளந்து பார்க்கும் நமக்கும் இதே கதைதான்.

சரி, பிரமிப்பும் பயமும் எப்படி ஒன்றாக வருகின்றன?

அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் டாச்சர் கெல்ட்னரும் ஜொனாதன் ஹெய்டும் 2003-ல் இதற்கு விளக்கம் தந்தார்கள். நம்மைவிடப் பிரமாண்டமான ஒன்று எதிரே நிற்க, அதைப் பழைய அனுபவத்துக்குள் அடக்க முடியாமல் மனசு திணறுவதுதான் பிரமிப்பு. அதில் ஆபத்தின் சாயல் கலந்தால், பயமும் கைகோத்துக்கொள்ளும்.

தொல்காப்பியர் இதை எப்போதோ தொட்டுவிட்டார். அவர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, அடுத்து நிற்பது அச்சம்! வியப்பு பிறக்கும் இடங்களாக அவர் சொல்லும் நான்கில் புதுமை, பெருமை இரண்டும் உண்டு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? வெடிச் சத்தம் கேட்டதும் மூளையில் 'அமிக்டலா' என்ற பகுதி அபாயச் சங்கு ஊதுகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கிறது. அதே சமயம் மூளையின் முன்பகுதி, 'தூரத்துலதானே வெடிக்குது' என்று தைரியம் சொல்கிறது. அதனால்தான் படபடப்பு ருசிக்கிறது. தூரம் குறைந்தால்..?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் சிவகாசி வட்டாரத்தில், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் திரண்டார்கள். காப்பாற்ற ஓடியவர்கள் பலர், 'என்ன ஆச்சு?' என்று பார்க்க நின்றவர்களும் உண்டு. அடுத்து நிகழ்ந்த பெரிய வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பயம் 'ஓடு' என்கிறது. பிரமிப்பு 'நில்' என்கிறது. அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்:

* வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்காதீர்கள். 'ஏன் வெடிக்கலை?' என்று இழுப்பதும் இதே ஆர்வம்தான். கொஞ்ச நேரம் பொறுத்து, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள்.

* பயப்படும் குழந்தையைக் கேலி செய்து, கையில் மத்தாப்பைத் திணிக்காதீர்கள். தூரத்தில் நின்று, அணைத்தபடி வேடிக்கை காட்டுங்கள். பயம் தானாகக் குறையும்.

* எங்காவது தீ, வெடிப்பு என்றால் முதலில் விலகுங்கள். பிறகு 101-க்குப் போன் செய்யுங்கள்.

* விபத்தை நேரில் பார்த்தவர் ஒரு மாதத்துக்கு மேலும் சின்னச் சத்தத்துக்கே திடுக்கிடுகிறாரா, தூக்கமில்லையா? மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பயத்தை விரட்ட வேண்டாம். எத்தனை அடி தள்ளி நின்றால் வேடிக்கை வேடிக்கையாகவே இருக்கும் என்று சொல்வது அதுதான்!