பத்மநாபபுரத்துத் தூக்குவிளக்குகள்

குமரி மாவட்டம் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் நுழைவோர் முதலில் அண்ணாந்து பார்ப்பது மரக்கூரையைத்தான். ஒன்றைப்போல் மற்றொன்று இராத 90 பூவேலைப்பாடுகள் அங்கே செதுக்கப்பட்டுள்ளன. அக்கூரையிலிருந்து சங்கிலியில் தொங்குகிறது குதிரை விளக்கு. குதிரைமீது வீரன் அமர்ந்த இவ்விளக்கை எத்திசையில் திருப்பினாலும் அத்திசையிலேயே நிற்கும். சங்கிலிக் கண்ணிகளைக் கோத்த கம்மியரின் நுட்பம் அது.

உப்பரிகை மாளிகையின் மேல்நிலையில் உள்ள விளக்குகளோ அழகுக்காக ஏற்றப்பட்டவை அல்ல. 1750-இல் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, பத்மநாபதாசராக ஆண்டவர் மார்த்தாண்டவர்மர். அப்பெருமானுக்கென அவர் அமைத்த, சுவரோவியங்கள் சூழ்ந்த அறையில் இரண்டு தூக்குவிளக்குகள் அக்காலந்தொட்டு எரிந்துவருவதாகக் கூறுவர்.

1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. 1956-இல் ஊர் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நீடிக்கிறது. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் இறைவன் திருமுன் ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது தொண்டாகவே கருதப்பட்டது.

அணையா விளக்கு தானே எரிவதன்று. நம் பூசையறையில் தொங்கும் தூண்டாமணி விளக்குக்கும் நாள்தோறும் எண்ணெய் வார்க்க ஒரு கை வேண்டும். அக்கடமையைப் பேரப்பிள்ளைகளுக்குப் பழக்குவது பெரியோர் பொறுப்பாகும்.