பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கணக்கு

திருவண்ணாமலையில் சிறு வணிகர்களுக்கு நாட்காட்டி வேறு. மாதச் சம்பளக்காரர் முதல் தேதியை எதிர்நோக்குவது போல, மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையில் கடை விரிப்போர் பௌர்ணமியை எதிர்நோக்குகின்றனர். ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று இரவுகள். அவற்றுள்ளும் சித்திரையும் கார்த்திகை தீபமுமே பெருங்கூட்டம் சேர்ப்பவை.

அப்பாதையில் இட்லிக் கடை நடத்தும் நம் பங்குச் சகோதரி ஒருவரைச் சென்ற ஆண்டு சந்தித்தோம். விடியற்காலை மூன்று மணி வரை கை ஓயாமல் உழைப்பவர். "ஐயா, கல்லாவில் காசு புரளுகிறது; கையில்தான் நிற்பதில்லை" என்றார். இவ்வாண்டு என்ன செய்ய எண்ணியிருக்கிறீர்கள் என்று வினவினோம். "வியாபாரத்தைப் பெருக்க வேண்டும்" என்றார். அது ஆசை, இலக்கு அன்று. எவ்வளவு, எந்நாளுக்குள் என்னும் இரண்டும் இல்லாத எண்ணத்தைப் பற்றி ஒருவர் தம்மையே கேள்வி கேட்டுக்கொள்ள இயலாது.

அவருடன் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். ஓட்டை விற்பனையில் இல்லை, தண்டலில் இருந்தது. 10,000 ரூபாய் என்று பெயர். 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவர். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு நூற்றுக்குப் பதினைந்து எனத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிக்கொண்டிருப்பதால், ஆண்டுக் கணக்கில் அவ்வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது! ஆண்டுக்கு மூன்று முறை வாங்கினால் 4,500 ரூபாய் போயிற்று. தமிழகத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும் மாவு அரைக்க அரிசி வாங்க வேண்டிய காலையில் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார் யார்?

ஆகவே முதல் இலக்கு தெளிவாயிற்று. கடையைப் பெரிதாக்குவதன்று, தண்டல்காரரிடம் செல்லாதிருக்க 8,500 ரூபாய் சொந்த முதல் சேர்ப்பது. பௌர்ணமிக்கு 750 ரூபாய் ஒதுக்கினால் பன்னிரண்டு பௌர்ணமிகளில் 9,000 ரூபாய் ஆகும். அந்த 750 எங்கிருந்து வரும்? மீந்துபோகும் மாவிலிருந்தே வர வேண்டும் என்று கண்டோம். தீபத்திற்குச் செய்யும் அளவையே சாதாரண மாதத்திலும் செய்து, மழை வந்துவிட்டால் கொட்டிவிடுவது அவர் வழக்கமாக இருந்தது. எத்தனை ஈடு வெந்தது, எத்தனை விற்றது, எத்தனை வீணாயிற்று, அன்று என்ன கிழமை, வானம் எப்படி என்னும் ஐந்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னோம். மகள் எழுதுகிறாள்.

இவ்விடத்தில் மும்பையின் லிஜ்ஜத் அப்பளம் நினைவுக்கு வருகிறது. 1959 மார்ச் 15ஆம் நாள் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனுடன் தொடங்கிய தொழில் அது. நட்டம் வந்தாலும் நன்கொடைக்குக் கையேந்துவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தனர். முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய். பின்னாளில் அது அடைந்த பெருமையைப் பலரும் பேசுவர். நமக்கோ அந்த முதலாண்டுத் தொகை ரூபாய் பிசகாமல் எழுதிவைக்கப்பட்டதே பெரிதாகப் படுகிறது.

ஒரே வருவாயை நம்பியிருப்பதன் ஆபத்தையும் இவ்வூர் அறியும். 2020 மார்ச் முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பௌர்ணமி கிரிவலத்திற்குத் தடை இருந்தது. 2024 டிசம்பர் முதல் நாளன்று, தீபத்திற்கு இரு வாரங்கள்கூட இல்லாத நிலையில், புயல் மழையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்துயரத்தின் முன் வியாபாரத்தைப் பற்றிப் பேசவே நா எழவில்லை. ஆனால் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. ஆதலால் இரண்டாவது இலக்காக, வாரநாட்களில் காலைச் சிற்றுண்டிக்கு நிலையான வாடிக்கை வீடுகள் பத்துப் பிடிப்பது என்று வைத்தோம். பத்து என்றே சொன்னோம். "பல" என்று சொல்லவில்லை.

கடன் வாங்கியே தீர வேண்டுமாயின் வேறு வழிகள் இல்லாமலில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் உள்ளன. நடைபாதை வணிகருக்கென 2020 ஜூனில் மத்திய அரசு கொணர்ந்த ஸ்வநிதித் திட்டத்தில் முதற்கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அது 15,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் 25,000, பின்னர் 50,000 எனப் படிப்படியாகக் கிடைக்கும். தவணை தவறாதிருப்பதே இங்கு அடுத்த படிக்குச் சீட்டு. ஆனால் 50,000 கிடைக்கிறது என்பதற்காகவே 50,000 வாங்குவோரையும் கண்டிருக்கிறோம். மகளின் திருமணத்திற்குச் சென்ற கடைக்கடன்கள் எத்தனை!

நான்காம் பௌர்ணமி கழிந்து மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். தகர டப்பாவைத் திறந்து எண்ணினார். 3,000 இருக்க வேண்டிய இடத்தில் 2,650 இருந்தது. நோட்டுப் புத்தகத்தைத் தயக்கத்துடன் நீட்டினார். குறைந்த 350 ரூபாய்க்கு எதிரே மகளின் கையெழுத்தில் "எனக்குக் கண்ணாடி" என்றிருந்தது, அதன் கீழே, "அடுத்த இரண்டு பௌர்ணமிக்கு 925."