பறவை ஏரித் தண்ணீரும் நம்ம வயலும்



"ஏரியில மீன் பிடிச்சா காசு வரும். பறவையால நமக்கு என்னங்க லாபம்?" என்று கூட்டங்களில் சிலர் கேட்பதுண்டு. இதற்கு மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கல் ஊரார் இருநூறு வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 1858-ல் அதை மறுபடி உறுதி செய்துகொண்டார்கள்.

பறவைமேல் உள்ள பிரியம் மட்டும் இதற்குக் காரணமில்லை. விளைச்சல் கணக்கும் உண்டு. ஏரி சுமார் 74 ஏக்கர். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரத்திலும் கருவேல மரத்திலும் நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டுகின்றன. இவை இரை தேடுவதற்குச் சுற்றுவட்டார வயல்களுக்கும் குட்டைகளுக்கும் பறந்து போகின்றன. மீன், நத்தை, தவளையைத் தின்றுவிட்டு வந்து கூட்டு மரத்தடியில் எச்சமிடுகின்றன. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரில் கரைந்து, மதகு திறந்ததும் வயலுக்கு வருகின்றன. வண்டிக் கூலி இல்லாமல் வருகிற எரு இது!

ஆகவே, இப்படிப்பட்ட தண்ணீர் பாயும் நிலத்தில் யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டை பார்த்து மேலுரம் இடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் சாயும், புகையான் பூச்சியும் சேரும்.

இன்னொரு முக்கிய விஷயம், குருணை மருந்து. முன்பெல்லாம் நானே தாராளமாகச் சிபாரிசு செய்தவன்தான். ஆனால் சில குருணைகளைப் பறவைகள் தானியமென்றோ சிறுகல்லென்றோ நினைத்துப் பொறுக்கித் தின்று செத்துவிடும். மருந்து பட்ட நத்தையும் மீனும் குஞ்சுக்கு இரையாகப் போனால் கூட்டிலும் நஞ்சு ஏறும். நத்தையையும் பூச்சியையும் கூலியில்லாமல் பொறுக்குகிற ஆளை நாமே கொல்லலாமா? பூச்சியின் பொருளாதாரச் சேத நிலையைப் பார்த்து, அவசியமானால் மட்டும் மருந்து போடுங்கள். மருந்து போட்ட வயலின் வடிநீரை ஏரிக்கோ குட்டைக்கோ விடாதீர்கள்.

குழந்தைகளை ஒருமுறை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். நல்ல மழை பெய்த வருஷத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். திருச்சி சாலையில் படாளம் கூட்ரோட்டில் திரும்ப வேண்டும். கரைமேல் நடந்தும் கோபுரத்தில் ஏறியும் பார்க்கலாம். காலை வேளையும், பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புகிற சாயங்காலமும்தான் பார்க்க ஏற்ற நேரம்.

ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள். கூச்சல் போடக்கூடாது, கல் வீசக்கூடாது. தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால், அந்தக் கொஞ்ச நேரத்தில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். குஞ்சும் வெயிலில் வாடிவிடும். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

பக்கத்துக் கரிக்கிலியோடு வேடந்தாங்கலும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஏரி சர்க்கார் கையில் இருக்கலாம், பறவையின் சாப்பாட்டுத் தட்டு நம்ம வயலில்தான் இருக்கிறது. அதில் விஷம் வைக்காமல் பார்த்துக்கொள்வோம்.