மெஷின் நின்றது 60 நிமிடம்... இழப்பு எவ்வளவு? சிமுலேஷனுக்கு முன் சரிபார்க்க வேண்டிய கணக்கு!

புது மெஷின் வாங்கினால் உற்பத்தி உண்மையிலேயே கூடுமா? பணத்தைப் போடுவதற்கு முன், முழு உற்பத்தி லைனையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிடலாம். இதுதான் சிமுலேஷன். ஆனா, உள்ளே கொடுக்கும் டேட்டா தப்பா இருந்தா, செலவழித்த பிறகும் லைன் பழைய வேகத்திலேயே ஓடும்.

அந்த டேட்டாவில் முக்கியமானது 'டவுன்டைம்', அதாவது மெஷின் நின்ற நேரம். ஷிஃப்ட் பதிவேட்டில் இருப்பதை அப்படியே கொடுத்தால் என்ன சிக்கல்?

நின்றதெல்லாம் பழுது அல்ல

மெஷின் 40 நிமிடம் நின்றதாகப் பதிவாகி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 நிமிடம், முந்தைய மெஷினிலிருந்து பொருள் வராமல் காத்திருந்த நேரம். பழுது 15 நிமிடம்தான். இந்தக் காத்திருப்பை சிமுலேஷன் தானாகவே கணக்கிட்டுவிடும். நாமும் 40 என்று கொடுத்தால், அந்த 25 நிமிடம் இரண்டு முறை ஏறிவிடும். குற்றமே செய்யாத மெஷின் மேல் பழி விழும்!

சாப்பாட்டு இடைவேளை, திட்டமிட்ட பராமரிப்பு ஆகியவற்றையும் தனியாகப் பிரிக்க வேண்டும்.

சராசரி ஏமாற்றும்

இரண்டு மெஷின்கள். நடுவில் 10 பொருட்கள் இருப்பு. இரண்டாவது மெஷினுக்கு நிமிடத்துக்கு ஒரு பொருள் தேவை. 480 நிமிட ஷிஃப்டில் முதல் மெஷின் மொத்தம் 60 நிமிடம் நிற்கிறது.

* 6 நிமிடம் வீதம் 10 முறை நின்றால்: ஒவ்வொரு முறையும் இருப்பு மீண்டும் நிரம்பிவிட்டால், இரண்டாவது மெஷின் நிற்கவே நிற்காது.
* ஒரேயடியாக 60 நிமிடம் நின்றால்: 10 நிமிடத்தில் இருப்பு காலி. மீதி 50 நிமிடம் இரண்டாவது மெஷினும் சும்மா நிற்கும். 50 பொருட்கள் போச்சு!

இரண்டிலும் டவுன்டைம் அதே 12.5 சதவீதம்தான். அதனால் சதவீதம் மட்டும் போதாது.

அப்போ எதைக் கொடுக்கணும்?

1. பழுதுகளுக்கு இடையே மெஷின் ஓடிய நேரம்: மாலை 4 மணிக்குச் சரியான மெஷின், மறுநாள் காலை 9 மணிக்கு மீண்டும் நிற்கிறது. கடிகாரப்படி 17 மணி நேரம். மாலை 5 முதல் காலை 8 வரை ஆலை மூடியிருந்தால், ஓடியது வெறும் 2 மணி நேரம். இந்த 2-தான் கணக்கு.

2. பழுதுபார்த்த நேரம்: மெக்கானிக் வரும்வரை காத்திருந்தது தனி. ஒரே மெக்கானிக் பல மெஷின்களைப் பார்த்தால் இது ரொம்ப முக்கியம்.

3. நேரங்களின் பரவல்: எத்தனை முறை 2 நிமிடம், எத்தனை முறை 1 மணி நேரம் என்று வரைபடம் போட வேண்டும். ஓடிய நேரத்துக்கு 'எக்ஸ்பொனென்ஷியல்', பழுது நேரத்துக்கு 'லாக்நார்மல்' என்ற கணித வடிவங்களை முதலில் பொருத்திப் பார்ப்பது வழக்கம்.

கையால் எழுதிய பதிவேட்டில் எல்லாமே 5, 10, 15 நிமிடமாக இருந்தால் உஷார். வேலை அவசரத்தில் 2 நிமிட நிறுத்தங்கள் எழுதப்படாமலே போயிருக்கலாம்.

கடைசி சோதனை

இந்த டேட்டாவை வைத்து, ஏற்கெனவே முடிந்துபோன ஒரு மாதத்தை சிமுலேஷனில் ஓட்டிப் பாருங்கள். அந்த மாதத்தின் உண்மையான உற்பத்தியோடு விடை ஒத்துப்போகவில்லையா? புது மெஷினுக்கான ஆர்டரைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது.