தோல் அட்டையும் ஒரு மெழுகுவர்த்தியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தோலைப் பற்றி யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகிற வழியிலேயே டேனரி வாடை வரும். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவராவது ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போவார். ஆனால் தமிழ்நாட்டுத் தோல் காலுக்கு மட்டும் போகவில்லை, புத்தகத்துக்கும் போனது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா?

நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே பதனிட்ட ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறின. 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று அங்கே அதற்குப் பெயர். அதில் ஒரு பங்கு புத்தக அட்டையானது.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு மாதிரி அதன் மூலக்கூறு இருக்கும். பச்சைத் தோலை அப்படியே விட்டால் பாக்டீரியா தின்று அழுக வைத்துவிடும். காய வைத்தால் விறைத்துப் போகும். இரண்டும் நேராமல் தடுப்பதுதான் பதனிடுதல். சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரம் செடி, அதன் பட்டையை ஊற வைத்த நீரில் தோலைப் போடுவார்கள். பட்டையிலுள்ள டானின் என்ற பொருள் கொலாஜன் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு பாக்டீரியாவால் அந்தத் தோலை எளிதில் தின்ன முடியாது. கடைசியில் கடுக்காய் நீரிலும் ஒரு முறை ஊற வைப்பார்கள்.

ஆனால் புத்தக அட்டையாகப் போன இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. லண்டன் நூலகங்களில் பழைய புத்தகங்களின் தோல் அட்டை செந்தூளாக உதிர ஆரம்பித்தது. எடுத்துப் படித்தால் கையெல்லாம் சிவப்பு. கலைச் சங்கம் ஒன்று குழு அமைத்து ஆராய்ந்து, 1901-இலும் 1905-இலும் அறிக்கை வெளியிட்டது. சுமாக் என்ற செடியின் இலையால் பதனிட்ட தோல் நன்றாகத் தாக்குப்பிடித்திருந்தது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் மிக விரைவாகக் கெட்டுப்போயிருந்தது.

நம் ஊர்த் தோலுக்கு இது கசப்பான முடிவுதான். ஆனால் பழியை முழுக்கப் பட்டையின் தலையில் போடுவது நியாயமில்லை. அன்றைய லண்டன் காற்றில் நிலக்கரிப் புகை நிறைந்திருந்தது. நூலக விளக்குகளிலும் நிலக்கரி வாயு எரிந்தது. அதிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்ததும் அது கந்தக அமிலமாகும். அந்த அமிலம் கொலாஜன் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். ஆவாரம்பட்டை டானின் சேர்ந்த தோல் இந்த வாயுவை மற்றதைவிட அதிகமாக உறிஞ்சும். அதுதான் அதன் குறை.

இன்று பெரும்பாலான டேனரிகளில் குரோமிய உப்பால் பதனிடுகிறார்கள். ஈரமாக நீல நிறத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தத் தோல்தான். கொதிநீரையும் தாங்கும், ஷூவுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் சூடான அச்சால் எழுத்து அழுத்தினால் சரியாகப் பதியாது. அதனால் புத்தகம் கட்டுகிறவர்கள் அதை விரும்புவதில்லை. அந்த உப்பும் கழிவும் பாலாற்றுக்கு என்ன செய்தன என்பது பெரிய கதை. 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

மறுபடி லண்டன் நூலகங்களுக்கு வருவோம். விளக்கு வாயுவால் தோல் கெடுகிறது என்ற சந்தேகம் 1840-களிலேயே எழுந்துவிட்டது. லண்டனில் ஒரு மன்றத்தின் நூலகத்தில் இதைக் கவனித்து, புகையை வெளியேற்றும் விளக்கு ஒன்றை வடிவமைத்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆம், மின்சாரம் பற்றிய பாடத்தில் வருகிற அதே ஃபாரடே! புத்தகத் தோல் அவருக்குப் பழகிய பொருள். அவர் கொல்லர் மகன், அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். 1805-இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் கட்டும் வேலை பழகச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படிக்க அந்த முதலாளி தடை சொல்லவில்லை. எனக்கு ரீபோவை மிகவும் பிடிக்கும்.

அப்படிக் கைக்கு வந்த ஒன்றுதான் ஜேன் மார்செட் எழுதிய 'வேதியியல் உரையாடல்கள்'. ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலின் என்ற இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வது போல அமைந்த நூல். முதலில் வந்தபோது அட்டையில் மார்செட்டின் பெயர்கூட இல்லை. ஃபாரடே அதைப் படித்ததோடு நிற்கவில்லை. தன்னிடமிருந்த சில்லறைக் காசுக்குள் முடிந்த சோதனைகளைச் செய்து பார்த்தார். நூல் சொன்னபடியே நடந்தது. அதன் பிறகுதான் அதை நம்பினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிறகும், அந்த அம்மாவைத் தன் முதல் ஆசிரியராகவே மதித்து, தன் ஆய்வுக் கட்டுரைகளை நன்றியோடு அவருக்கு அனுப்பிவைத்தார்.

என் மனதைத் தொட்ட நூல் எது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஃபாரடேயின் 'ஒரு மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு'. 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கிச் சிறுவர்களுக்கு அவர் நிகழ்த்திய ஆறு உரைகள் அவை. அடுத்த ஆண்டே நூலாக வந்தன. மாட்டுக் கொழுப்பு எப்படி மெழுகுவர்த்தி ஆகிறது என்பதில் தொடங்குகிறார். சுடரிலிருந்து நீரைப் பிடித்துக் காட்டுகிறார். நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டுகிறார். ஆறாவது உரைக்கு வரும்போது, மெழுகுவர்த்தி எரிவதும் நாம் மூச்சு விடுவதும் வேதியியலில் ஒரே வகை வேலை என்று காட்டிவிடுகிறார். உள்ளே போவது ஆக்சிஜன், வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு. அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு என் மூச்சையே நான் வேறு மாதிரி கவனிக்க ஆரம்பித்தேன்.

மனதைத் தொட்ட நூல் எது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் மு.வ.வின் 'அகல் விளக்கு' என்று சொல்லக்கூடும். திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்தவர் அவர். அந்த நாவல் 1961-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. கொஞ்சம் பெரிய வகுப்புக்கு வந்ததும் இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் படியுங்கள். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் ஒரு மாணவியைப் பற்றி, அவளுடைய ஆசிரியை எழுதும் முன்னுரையாக வரும் கதை. அழ வைக்கும்.

ஃபாரடே சொன்னதையும் சோதித்துப் பார்க்க வேண்டாமா? அப்பாவையோ அக்காவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு மெழுகுவர்த்தியை ஐந்து நிமிடம் எரிய விடுங்கள். பிறகு மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை நூலாக எழும். அது கலைவதற்குள், திரியைத் தொடாமல், ஓர் அங்குலம் மேலே அந்தப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டச் சொல்லுங்கள். சுடர் புகை வழியாகக் கீழே தாவி, திரி மறுபடி பற்றிக்கொள்ளும்! மெழுகு கட்டியாக எரிவதில்லை. உருகி, திரியில் ஏறி, ஆவியான பிறகே எரிகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் புகை, அந்த ஆவி குளிர்ந்து நுண்துகள்களானது. இனி உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். எத்தனை அங்குலம் வரை சுடர் தாவுகிறது, அதற்கு மேல் ஏன் தாவவில்லை? உங்கள் அளவுகளை எழுதி அனுப்புங்கள். கூடவே, உங்களை அசைத்த ஒரு புத்தகத்தின் பெயரையும்.