எகிப்திய முதுமொழியும் எபிரேய நீதிமொழியும்

தந்தை மைந்தனுக்குக் கூறும் அறிவுரையாக அமைந்த நூல்கள் பண்டை நாடுகள் பலவற்றினும் தோன்றியுள்ளன. சுமேரியர் நிலத்தில் அபூ சலாபிக் என்னும் இடத்தே அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகள், சுருப்பாக் என்பான் தன் மகற்கு உரைத்தனவற்றைக் கொண்டுள்ளன. அவ்வேடுகள் ஏறக்குறையக் கி.மு. 2500-ஆம் ஆண்டினவாம். அரசன் அமைச்சனாகிய ப்டாஹோதெப் என்பான் பெயரால் வழங்கும் எகிப்திய நூலும், நீல ஆற்றுத் தீவாகிய எலிபண்டைனிற் கிடைத்த அகிகாரின் அரமேயக் கதையும் இவ்வினத்தனவே. இவை அனைத்தையும் விரித்துரைக்க ஈண்டு இடமில்லை. என் நண்பரொருவரின் மனத்தைக் கலக்கிய ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

அந்நூல் அமெனெமோபே என்பானது அறிவுரை. 1888-ஆம் ஆண்டில் வாலிஸ் பட்ஜ் என்பாரால் பெறப்பட்டு இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்த நாணற்சுருள், 1923-இல் அச்சேறியது. அடுத்த ஆண்டே பெர்லின் பேராசிரியர் அடால்ப் எர்மன், இதன் உரைகள் பலவும் வேதாகமத்து நீதிமொழிகள் 22, 23-ஆம் அதிகாரங்களிற் காணப்படுகின்றன என்று எடுத்துக்காட்டினார். அறிஞருலகம் வியந்தது.

என் நண்பரோ வருந்தினார். அவர்தம் பாட்டனார் ஓர் உபதேசியார். சிறு பருவத்திலேயே அவ்வதிகாரங்களை அவரை மனப்பாடம் செய்வித்தவர். “புறச்சமயத்தான் ஒருவன் எழுதியதையோ நான் சாலொமோன் வாக்கென்று ஒப்பித்தேன்?” என்று விடுதியில் ஓரிரவு அவர் வினவியபோது, எனக்கு விடை கூற இயலவில்லை. அதன்பின்னரே இதனைக் கற்கலானேன்.

அமெனெமோபே புலவனல்லன், அரசாங்க அலுவலன். தானியக் கணக்கும் முகத்தலளவையும் நிலப்பதிவும் அவன் பொறுப்பில் இருந்தன. நீல ஆறு ஆண்டுதோறும் பெருகி வயல்களின் எல்லையை மறைத்துவிடும். வெள்ளம் வடிந்தபின் கயிறு கொண்டு அளந்து மீண்டும் எல்லை நாட்டுவர். ஆற்றிடையே புதிதாகத் தோன்றும் திட்டுக்களை அரசன் பெயரில் எழுதுதலும் அவன் தொழிலே. ஆதலின் கைம்பெண்ணின் வரப்பைத் தள்ளாதே, அளவுகோலைத் திரிக்காதே, கள்ளத் தராசு பிடியாதே என்று அவன் தன் இளைய மகற்குச் சொல்லுங்கால், அவை ஏட்டிற் கண்ட அறங்களல்ல. நாள்தோறும் அலுவற்களத்திற் கண்ட களவுகளே. அரசு வேலையை நாடும் நம் மாணவர் இந்நூலைப் படித்தல் நன்று.

நிற்க. ஏழையைக் கொள்ளையிடாதே என்பது இரண்டு நூலினும் உளதாயின், ஒன்று மற்றொன்றினின்று வந்ததென்று துணியலாமோ? துணிதல் கூடாது. ஏழையும் கொள்ளைக்காரனும் எந்நாட்டில் இல்லை? பொதுக்கருத்து கடனுக்குச் சான்றாகாது. பொதுவல்லாத சிறு குறிகளே சான்றாகும். அத்தகைய குறிகள் மூன்றினைக் காட்டுவேன்.

அறிவுரையை வயிறென்னும் பேழையிற் சேமித்து வைக்கச் சொல்கின்றான் அமெனெமோபே. எபிரேய நூலும் அவ்விடத்தில் ‘வயிறு’ என்ற சொல்லையே ஆள்கின்றது. அடுத்து, தீயவழியில் வந்த செல்வம் வாத்துக்களைப்போற் சிறகு முளைத்து வானிற் பறந்துவிடும் என்பது எகிப்தியன் கூற்று. நீதிமொழிகளிலும் செல்வத்துக்குச் சிறகு முளைக்கின்றது. ஆனால் பறப்பது கழுகு! நீல ஆற்றங்கரையின் வாத்து யூதேய மலையில் கழுகாயிற்று.

மூன்றாவது குறி மிக நுண்ணியது. 22-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனத்தில் வரும் ஒரு சொல்லுக்கு நேரிய பொருள் காணாது உரைகாரர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். எபிரேயம் பண்டைக் காலத்தில் மெய்யெழுத்துக்களால் மட்டும் எழுதப்பட்டது. உயிர்க்குறிகள் பின்னர் இடப்பட்டவை. புள்ளியின்றியும், காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடின்றியும் எழுதிய ஓலைச்சுவடிகளைப் படித்து அல்லலுற்ற தமிழ் மாணவர்க்கு இதன் இடர் நன்கு விளங்கும். அச்சொல்லின் உயிர்க்குறியைச் சிறிது மாற்றின் ‘முப்பது’ என்றாகும். அமெனெமோபேயின் நூலோ முப்பது அதிகாரங்களை உடையது. இறுதி அதிகாரத்தில் அவனே அம்முப்பதையும் நோக்குமாறு மகனிடம் கூறுகின்றான். இது கண்டபின் ஐயத்துக்கு இடம் மிகச் சிறிதே என்பது என் கருத்து.

மறுப்புரைத்தாரும் உளர். எத்தியேன் திரியோத்தோன் என்பார் 1957-இல், எகிப்திய நூலே செமித்திய மூலத்தினின்று வந்ததென்றார். 1961-இல் ரொனால்ட் வில்லியம்ஸ் அதனை மறுத்தார். எகிப்திய நூலே முற்பட்டது என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை.

எனினும் எபிரேயர் அப்படியே படியெடுத்தாரல்லர். வரிசை மாறியுள்ளது. 23-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனத்துக்குப் பின் ஒப்புமை அருகுகின்றது; பிள்ளையைப் பிரம்பால் திருத்துதல் பற்றிய வசனங்கள் அகிகாரின் மொழியை ஒத்துள்ளன. எல்லையைக் கவர்ந்தவனைத் திங்கட் கடவுளின் ஆற்றல் பிடிக்கும் என்கின்றான் எகிப்தியன்; எபிரேய நூலிலோ திக்கற்ற பிள்ளைகளின் மீட்பர் தாமே அவர்க்காக வழக்காட எழுகின்றார். எழுதியோர் இதனை மறைத்ததாகவும் தோன்றவில்லை. இப்பகுதி ஞானிகளின் வார்த்தைகள் என்றே தொடங்குகின்றது. சாலொமோனின் ஞானத்தை அளக்கப் புகுந்த முதலாம் இராஜாக்கள் நூலும் எகிப்தியரின் ஞானத்தை அளவுகோலாகக் கொள்கின்றது.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியிற் பிறிதொரு பயனுண்டு. போப் ஐயர் 1886-இல் வெளியிட்ட குறள் மொழிபெயர்ப்பில், மயிலையில் வாழ்ந்த வள்ளுவர் கிறிஸ்தவ ஆசிரியரிடம் சில கருத்துக்களைக் கேட்டிருக்கலாம் என்று எழுதினார். ஐயரிடம் எனக்குள்ள மதிப்புப் பெரிது. ஆயினும் இக்கருத்தை ஏற்க இயலவில்லை. வாத்துக் கழுகான குறி போன்றதொன்று ஆங்கு யாதுளது? நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலைக் காட்டுவதால், அவரூரிலும் கடை இருந்தது என்பதற்குமேல் ஒன்றும் பெறப்படாது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் கூறினேன். அவர் நெடிது சிந்தித்து, அமெனெமோபே வேறென்ன சொல்லியுள்ளான் என்று கேட்டார். குருடனைக் கண்டு நகையாதே, குள்ளனை ஏளனஞ் செய்யாதே என்பதையும், ஓடக்கூலியை உள்ளவனிடம் வாங்கி, இல்லாதவனைச் சும்மா ஏற்றிச் செல் என்பதையும் சொன்னேன். “இந்த ஓடக்காரன் செய்தி நம் நூலில் ஏன் இல்லை?” என்றார் அவர். எருசலேம் மலைமேல் உள்ள நகரம். அங்கே ஓடத்துறை ஏது என்றேன். முன்னிரவில் வருந்தியவர் அன்று வாய்விட்டு நகைத்தார்.