கூரைக்குள் ஒரு திருட்டு!

அமெரிக்காவில் பல வீடுகளில், ஒரே இடத்தில் காற்றைச் சூடாக்கியோ குளிர வைத்தோ, குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறார்கள்.

இந்தக் குழாய்கள் பெரும்பாலும் கூரைக்குள் மறைந்திருக்கும். இணைப்பு விட்டுப் போனால் யார் கண்ணிலும் படாது. சாதாரண வீட்டில் 100 பங்கு காற்றில் 20 முதல் 30 பங்கு வழியிலேயே போய்விடுகிறது என்கிறது அரசாங்கத்தின் 'எனர்ஜி ஸ்டார்' திட்டம். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று, பரணைச் சூடாக்குகிறது!

ஓட்டையை எப்படி அடைப்பது?

'டக்ட் டேப்' என்று ஒரு நாடா உண்டு. 'குழாய் நாடா' என்று பொருள். 1998-ல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தார் பல பொருள்களைச் சோதித்தார்கள். தோற்றுப் போனது இந்த நாடா ஒன்றுதான்! பேர்தான் பெரிய பேர். 'மாஸ்டிக்' என்ற பசையைப் பூசுவதே நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றைத் திரும்ப இழுக்கும் குழாயில் ஓட்டை இருந்தால், எரிவாயுவில் இயங்கும் சாதனங்களின் புகையும் வீட்டுக்குள் வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோகக் கூடும்.

புதிதாகக் குழாய் போடுகிறவர்கள் அறைக்கு ஏற்ற அளவு பார்த்து, வளைவு குறைவாகப் போட வேண்டும். வருஷம் ஒரு முறை பரணில் ஏறிப் பார்ப்பது சிரமந்தான். ஆனால் காசும் மிச்சம், உயிருக்கும் காவல்!